கச்சா எண்ணெய் இறங்கியும் மதுரையில பெட்ரோல் ஏன் நூறுக்குக் கீழ வரல? கணக்கோட பேசுவோம்

#1 வைகை_வடகரை

2022 ஜூன்ல இந்தியா வாங்குற கச்சா எண்ணெயோட சராசரி பீப்பாய்க்கு 116 டாலர். அப்ப சென்னையில பெட்ரோல் 102.63. 2025 மே மாசம் அதே கச்சா எண்ணெய் 65 டாலரைச் சுத்தி நின்னுச்சு, சென்னை விலையோ நூறு ரூபாய் சொச்சம். மதுரையில அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். சரக்கு விலை பாதிக்குக் கிட்ட விழுந்துருக்கு, பங்க்ல ரெண்டு ரூபாய் கூட முழுசா குறையல. "வரி"ன்னு ஒரே வார்த்தையில முடிக்காம, எந்தப் பைசா எங்க போகுதுன்னு தெரிஞ்சவங்க பிரிச்சுச் சொல்லுங்க. வண்டி குடிக்கிறதைக் குறைக்க வழி இருந்தா அதையும் இதே இழையில போடுங்க.

#2 பேரேடு

அண்ணே, பீப்பாயில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 65 டாலர், டாலருக்கு 85 ரூபாய்னு வச்சா 5,525 ரூபாய். லிட்டருக்கு 34.75.

ஆனா எண்ணெய் நிறுவனம் டீலருக்குப் போடுற விலை (வரி எதுவும் சேராம) 2025ல 53 ரூபாயை ஒட்டி இருந்துச்சு. இடையில இருக்குற 18 ரூபாய்லதான் சுத்திகரிப்பு, கப்பல் கூலி, குழாய், டேங்கர், நிறுவனத்தோட லாபம் எல்லாம் அடக்கம். இங்க பலரும் தவற விடுற ஒரு விஷயம்: நம்ம விலை கச்சா எண்ணெயைப் பாத்து வைக்கிறது இல்ல. சுத்திகரிச்ச பெட்ரோல் உலகச் சந்தையில என்ன விலைன்னு பாத்து வைக்கிறது. 2006ல இருந்து இறக்குமதி விலைக்கு 80 பங்கு, ஏற்றுமதி விலைக்கு 20 பங்குன்னு கலந்துதான் ஆலை வாசல் விலை வருது. அதனால கச்சா எண்ணெய் அசையாம நின்னாலும், எங்கயாவது நாலு சுத்திகரிப்பு ஆலை பழுதாகி நின்னா பெட்ரோல் தனியா ஏறும்.

இனி மதுரைக் கணக்கு:

டீலருக்குப் போடுற விலை 53.00
மத்திய கலால் 21.90
டீலர் கமிஷன் ஏறத்தாழ 4.40
கூட்டினா 79.30
இது மேல மாநில வாட் (விற்பனை வரி) 13 சதவீதம், 10.31
அதுபோக லிட்டருக்கு நிலையா 11.52
மொத்தம் 101.13

டீலர் விலையும் கமிஷனும் அப்பப்ப பைசாக் கணக்குல நகரும். கலாலும் வாட்டும் 2025 ஏப்ரலுக்கு அப்பறம் இருந்த விகிதம்.

#3 மேலமடை_வாசி

21.90 எப்ப வந்துச்சு? 19.90ன்னுதான எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

#4 பேரேடு

2025 ஏப்ரல்ல ரெண்டு ரூபாய் ஏத்துனாங்க. பங்க் விலையில காட்டல, நிறுவனங்க தங்களோட லாபத்துல இருந்து தாங்கிக்கிட்டாங்க. அதனாலதான் பலருக்குத் தெரியாமயே போச்சு. கச்சா எண்ணெய் விழுந்தப்ப நமக்கு வர வேண்டிய ரெண்டு ரூபாய் கஜானாவுக்குப் போச்சுங்கறதுதான் அதோட அர்த்தம்.

வரிசையா பாருங்க. 2014ல பெட்ரோல் மேல கலால் 9.48. 2020 ஏப்ரல்ல ஊரடங்கு, கச்சா எண்ணெய் 20 டாலருக்கு விழுந்துச்சு. அடுத்த மாசமே கலாலை ஒரே ஏத்தா 10 ரூபாய் ஏத்தி 32.98 ஆக்குனாங்க. 2021 நவம்பர்ல 5 ரூபாய் குறைப்பு, 2022 மே மாசம் 8 ரூபாய் குறைப்பு, 19.90. பிறகு இந்த 21.90. கச்சா எண்ணெய் இறங்கும்போது வரி ஏறுது, எண்ணெய் ஏறி மக்கள் சத்தம் போடும்போது வரி கொஞ்சம் இறங்குது. பங்க் போர்டு மட்டும் அதே இடத்துலயே நின்னுச்சு.

#5 தமுக்கம்_தென்றல்

கலால்ல மாநிலத்துக்கும் பங்கு வருதே, அதையும் சேத்துப் பாக்கணும்ல?

#6 பேரேடு

அங்கதான் விஷயமே இருக்கு. 21.90ல அடிப்படைக் கலால் வெறும் 1.40. மாநிலங்களோட பகிர்ந்துக்கிறது அதை மட்டும்தான். மிச்சம் சிறப்புக் கூடுதல் கலால் 13 ரூபாய், சாலை உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய், விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2.50. இது பூராம் டெல்லியிலேயே தங்கிடும்.

அதுக்காக மாநிலத்தை விட்டுட முடியாது. 2020 மே மாசம் தமிழ்நாடு வாட்டை 15 சதவீதமும் 13.02 ரூபாயும்னு ரெண்டு துண்டா ஆக்குச்சு. 2021 ஆகஸ்ட்ல, அப்ப நிதி அமைச்சராவும் நம்ம மதுரை மத்தி எம்.எல்.ஏ.வாவும் இருந்த பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்ல 3 ரூபாய் குறைச்சாரு. அப்ப வந்ததுதான் இந்த 13 சதவீதமும் 11.52ம். சதவீதம்னா விலை இறங்கினா கூடவே இறங்கும். நிலையான ரூபாய் இறங்கவே இறங்காது.

இதை ஒரே கணக்குல காட்டுறேன். நாளைக்கே எண்ணெய் நிறுவனம் பெட்ரோலைச் சும்மா கொடுக்குதுன்னு வைங்க. 53 போயிருச்சு. கலாலும் கமிஷனும் 26.30, அதுக்கு 13 சதவீதம் 3.42, நிலையா 11.52. அப்பவும் மதுரையில லிட்டர் 41 ரூபாய் 24 பைசா.

அண்ணே கேட்ட நூறு ரூபாய்க் கேள்விக்கு இப்ப வர்றேன். 53ஐ 52 ஆக்குனா கூட்டுத்தொகை 78.30, வாட் 10.18, நிலையா 11.52. மொத்தம் 100.00. டீலருக்குப் போடுற விலையில ஒரே ஒரு ரூபாய் குறைச்சா போதும், நூறைத் தொட்டுரும். 85 ரூபாய் டாலர்ல, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஒரு டாலர் அசைஞ்சா லிட்டருக்கு 53 பைசா. வாட்டோட சேத்தா 60 பைசா. ஆக ரெண்டு டாலர் இறக்கத்தை நம்மகிட்ட விட்டாலே வேலை முடிஞ்சது. சந்தை விடாம இல்ல, விடணும்னு யாரும் முடிவு எடுக்கல.

#7 மேலமடை_வாசி

தினமும் காலையில 6 மணிக்கு விலை மாறும்னு 2017 ஜூன்ல சட்டமா கொண்டு வந்தாங்களே?

#8 பேரேடு

அது நிறுவனங்களோட நடைமுறைதான், சட்டம் இல்ல. 2010 ஜூன்ல பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபர்ல டீசல் விலையையும் அரசு தன் கையில இருந்து விட்டுச்சு. அதுக்கப்பறம்தான் தினசரி மாத்தம் வந்துச்சு. ஆனா 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு அந்த மாத்தம் ஏறக்குறைய நின்னே போச்சு. மூணு பெரிய நிறுவனங்களும் அரசு நிறுவனங்கதான்.

அவங்க பக்க நியாயத்தையும் சொல்லணும். 2022 ஜூன்ல கச்சா எண்ணெய் 116 டாலர், டாலர் 78 ரூபாய். எண்ணெய்க்கு மட்டுமே லிட்டருக்கு 57 ரூபாய் ஆச்சு. டீலருக்குப் போட்ட விலையும் 57 பக்கம்தான். சுத்திகரிப்புச் செலவு பூராம் நட்டம். அந்தக் காலாண்டுல மூணு நிறுவனமும் சேந்து 18 ஆயிரம் கோடிக்கு மேல நட்டக் கணக்கு காட்டுனாங்க. ஆனா 2023-24ல அதே மூணு பேரும் 80 ஆயிரம் கோடியைச் சுத்தி லாபம் பாத்துட்டாங்க. பள்ளம் ரொம்பி மேடாயிருச்சு. அந்தக் கணக்குக்கு மக்களுக்குக் கிடைச்சது 2024 மார்ச்ல குறைச்ச 2 ரூபாய்.

#9 தமுக்கம்_தென்றல்

ஜி.எஸ்.டி.க்குள்ள கொண்டு வந்தா தீரும்ங்கறாங்களே?

#10 பேரேடு

2021 செப்டம்பர் லக்னோ கூட்டத்துல பேச்சு வந்துச்சு, இது அதுக்கான நேரம் இல்லைன்னு தள்ளி வச்சாங்க. 53ம் 4.40ம் சேத்து 57.40, அப்ப உச்ச விகிதமா இருந்த 28 சதவீதம்னாலும் 73 ரூபாய் 47 பைசா. ரெண்டு அரசும் சேந்து லிட்டருக்கு 27 ரூபாய்க்கு மேல இழக்கணும். எந்த நிதி அமைச்சரும் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாரு. இப்போதைக்கு இதை நம்பி உக்கார வேண்டாம்.

#11 குமுளி_மலைப்பாதை

சென்னைக்கும் மதுரைக்கும் இருக்குற வித்தியாசம் முழுக்கக் கொண்டு வர்ற கூலிதான். சென்னை மணலி ஆலையில இருந்து திருச்சி வழியா மதுரைக்குக் குழாய் வருது. அதனாலதான் வித்தியாசம் பைசாக் கணக்கோட நிக்குது. குழாய் முடிஞ்ச இடத்துல இருந்து டேங்கர். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டுல இருந்து மலை ஏறணும், அதனால அங்க இன்னும் கூட.

தேனிப் பக்கம் பாத்தீங்கன்னா கதை வேற. கேரளாவுல வாட் அதிகம், அதுக்கு மேல 2023 ஏப்ரல்ல சமூகப் பாதுகாப்பு செஸ்னு லிட்டருக்கு 2 ரூபாய் வேற. மலை இறங்கி வர்ற கேரள வண்டிக்கு டேங்க் ரொப்ப கூடலூர், கம்பம் பங்க்தான் லாபம். ஒரே பெட்ரோல்தான், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சாறு ரூபாய் கூட.

#12 ஸ்பேனர்_செல்லூர்

விலைக் கணக்கு நல்லா வந்துருச்சு. இனி குடிக்கிற பக்கம். 2014ல எண்ணெய் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டுல விக்கிற பெட்ரோல்ல 61 சதவீதம் இருசக்கர வண்டிக்குத்தான். மதுரையில அது ஒண்ணும் குறைவா இருக்காது. அதனால பைக்கை மட்டும் பேசுறேன்.

முதல்ல சரியா அளக்கக் கத்துக்கணும். மீட்டர்ல காட்டுற மைலேஜ நம்பாதீங்க. வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி, நாசில் தானா முதல் தடவை கட் ஆகுற வரைக்கும் ரொப்புங்க. அதுக்கு மேல "இன்னும் ரெண்டு சொட்டு"ன்னு அமுக்கக் கூடாது. ட்ரிப் மீட்டரை சைபர் பண்ணுங்க. 300 கிலோமீட்டராவது ஓட்டிட்டு அதே பங்க், அதே நாசில், அதே மாதிரி ஸ்டாண்ட் போட்டு முதல் கட் வரைக்கும் ரொப்புங்க. 312 கிலோமீட்டர் ஓடி 5.4 லிட்டர் பிடிச்சா 57.8. ரெண்டு தடவை செஞ்சு சராசரி எடுங்க. 100 ரூபாய்க்குப் போட்டுட்டு ரிசர்வ் விழுற வரைக்கும் ஓட்டிப் பாக்குறது அளவே இல்ல, சைடு ஸ்டாண்ட் சாய்வுலயே கால் லிட்டர் வித்தியாசம் வந்துரும்.

மைலேஜ் குறைஞ்சிருந்தா நான் பாக்கச் சொல்ற வரிசை:

மொதல்ல சக்கரம். சென்டர் ஸ்டாண்ட்ல போட்டுப் பின் சக்கரத்தைக் கையால சுத்தி விடுங்க. ரெண்டு சுத்தாவது தாராளமா ஓடணும். உரசி நின்னா பிரேக் ஷூ பிடிக்குது, இல்லைன்னா செயின் ரொம்ப இறுக்கம். செயினோட நடு இடத்துல விரலால தூக்கி இறக்கினா 20ல இருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். சக்கரத்தை நாலு இடத்துல நிறுத்திப் பாருங்க, செயின் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் இறுகியும் இருக்கும். இறுக்கமான இடத்துல வச்சுதான் அட்ஜஸ்ட் பண்ணணும்.

அப்பறம் காத்து. டயர் சூடாகாம இருக்கும்போது அளக்கணும். எவ்வளவுன்னு செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஸ்டிக்கர் இருக்கும், பின்னாடி ஆள் உக்காந்தா வேற அளவு. "எல்லா வண்டிக்கும் காத்து முப்பது போதும்"ங்கறது தப்பு.

கிளட்ச் லீவர்ல 10-15 மில்லிமீட்டர் தொய்வு இல்லைன்னா கிளட்ச் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா கார்புரேட்டர் வண்டி கூடுதலா பெட்ரோலை இழுக்கும். பாலம் வேலை நடக்குற ரோட்டுல தினம் போற வண்டிக்கு, புத்தகத்துல போட்டிருக்குற கிலோமீட்டர்ல பாதியிலேயே ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க.

#13 மேலமடை_வாசி

எத்தனால் 20 சதவீதம் கலந்த பிறகு மைலேஜ் விழுந்துருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு உண்மை?

#14 ஸ்பேனர்_செல்லூர்

விழும், ஆனா வாட்ஸ்அப்ல சொல்ற அளவுக்கு இல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சூடு, எத்தனால்ல 21. இருபதுக்கு எண்பது கலந்தா 29.8. சுத்தப் பெட்ரோலை விட 7 சதவீதம் குறைவு. ஆனா நாம ஏற்கெனவே 10 சதவீதம் கலந்ததைத்தான் போட்டுக்கிட்டு இருந்தோம். அதுல இருந்து பாத்தா மூணரை சதவீதம். நீதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயும் பழைய வகை இருசக்கர வண்டிக்கு 3-4 சதவீதம், காருக்கு 6-7 சதவீதம்னுதான் இருக்கு. 60 கொடுத்த வண்டி 58 கொடுத்தா அது எத்தனால். 60 கொடுத்தது 48 கொடுத்தா அது பிரேக் ஷூவோ செயினோ கார்புரேட்டரோ. எத்தனால் மேல பழியைப் போட்டு வண்டியைப் பாக்காம விட்டுராதீங்க.

கெடுதி வேற இடத்துல இருக்கு. பிஎஸ்6க்கு (2020ல வந்த புகை விதி) முந்தைய கார்புரேட்டர் வண்டியை மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தி வச்சா, ஃப்ளோட் கிண்ணத்துல நிக்குற பெட்ரோல் ஆவியாகிப் பிசினு தங்கும். கிண்ணத்தைக் கழட்டினா அடியில பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பா ஒட்டியிருக்கும், பித்தளை ஜெட் பச்சை பூத்திருக்கும். பைலட் ஜெட்டோட (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுற ஜெட்) துளை ரொம்பச் சின்னது. அது பாதி அடைச்சாலே வண்டி ஐட்லிங் நிக்காது, சோக் போட்டே ஓட்டுவாங்க, மைலேஜ் அங்க போயிரும். கம்பியைவிட்டுக் குத்தாதீங்க, துளை பெருசாயிரும். கிளீனர் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டுக் காத்தடிக்கணும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா வட்டம் முழுசா தெரியணும்.

நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா பெட்ரோல் குழாயை மூடிட்டு இன்ஜின் தானா அணையுற வரைக்கும் ஓட விடுங்க. இல்லைன்னா கிண்ணத்தோட வடிகால் திருகைத் திறந்து வடிச்சிருங்க. பழைய ரப்பர் ஹோஸை விரலால மடக்கிப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சாலோ பிசுபிசுன்னு கையில ஒட்டினாலோ எத்தனால் தாங்குற ஹோஸா மாத்துங்க. சைலன்சர் மேல சொட்டினா விளையாட்டு இல்ல.

#15 தமுக்கம்_தென்றல்

எத்தனால் கலக்குறதால விலையாவது குறையணும்ல?

#16 பேரேடு

குறையாது சார். மக்காச்சோளத்துல இருந்து எடுக்குற எத்தனாலுக்கு அரசு வச்ச விலை லிட்டருக்கு 71.86. மேல சொன்ன 53ஐ விட அதிகம். வெளிநாட்டு எண்ணெய் மேல நம்பிக்கிடக்குறது குறையும், மக்காச்சோளம் போடுற விவசாயிக்குப் பணம் போகும். பங்க் விலையில அதால நமக்கு லாபம் இல்ல.

#17 பங்க்_மேடை

பங்க் பக்கம் இருந்து நாலு விஷயம். காலையில ரொப்புனா கூட வரும்ங்கறது சரியில்ல. டேங்க் பூமிக்கு அடியில இருக்கு. மேல சித்திரை வெயில் கொளுத்தினாலும் அடியில இருக்குற சரக்கோட சூடு பகலுக்கும் ராத்திரிக்கும் பெருசா மாறாது. 100க்குப் பதில் 110 போட்டா ஏமாத்த முடியாதுங்கறதும் அப்படித்தான், மீட்டருக்கு ரவுண்டு எண் தெரியாது. சைபரைப் பாருங்க, அது ஒண்ணுதான் வேணும். பேச்சுக் கொடுத்துத் திரும்ப வைக்கிறதும், நடுவுல நிறுத்தித் திரும்ப அமுக்குறதும்தான் தவறு நடக்குற இடம்.

அளவுல சந்தேகம்னா 5 லிட்டர் குடுவை கேளுங்க. எல்லா பங்க்லயும் முத்திரை வச்ச குடுவை இருக்கணும், கேக்குற வாடிக்கையாளருக்குக் காட்டணும். மொதல்ல உள்ள பெட்ரோல் ஊத்தி நனைச்சுக் கவுத்து அரை நிமிஷம் வடிய விடணும். காஞ்ச குடுவையில பிடிச்சா சுவத்துல ஒட்டுறதே குறையா காட்டும். அப்பறம் மீட்டர்ல சரியா 5 லிட்டர் பிடிச்சு, நுரை அடங்குனதும் கழுத்துல இருக்குற கோட்டை கண் மட்டத்துல வச்சுப் பாக்கணும். 25 மில்லி வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம். அதுக்கு மேல குறைஞ்சா தொழிலாளர் துறையோட எடையளவு ஆய்வாளருக்கு எழுதுங்க, நாசில் எண்ணையும் பில்லையும் சேத்து.

ஐப்பசி கார்த்திகை மழையில இன்னொரு ஆபத்து. எத்தனால் தண்ணியைக் குடிக்கும். பங்க் டேங்க்குக்குள்ள கொஞ்சம் தண்ணி புகுந்தா கரைச்சு வச்சுக்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேந்து அடியில தனியாப் பிரிஞ்சிரும். நாசில் இழுக்குறது அடியில இருந்துதான். ரொப்பிட்டு அரை கிலோமீட்டர் தாண்டுறதுக்குள்ள வண்டி திக்கித் திக்கி நின்னா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. வெள்ளைக் கண்ணாடி பாட்டில்ல வடிச்சு பத்து நிமிஷம் வைங்க. நடுவுல கோடு விழுந்து ரெண்டு அடுக்கா நின்னா அதோட போட்டோ எடுத்து, பில்லோட பங்க்ல காட்டுங்க.

#18 மேலமடை_வாசி

சிக்னல்ல அணைக்கிறதால ஏதாவது உண்டா?

#19 ஸ்பேனர்_செல்லூர்

100 சிசி பைக் சும்மா நின்னு ஓடுனா மணிக்கு ஏறத்தாழ 150-200 மில்லி. கோரிப்பாளையத்துல ஒன்றரை நிமிஷம் நின்னா 4-5 மில்லி. தினம் ஆறு சிக்னல்னா மாசத்துக்கு முக்கால் லிட்டர் பக்கம். காருக்கு ஏ.சி. ஓடுனா மணிக்கு ஒரு லிட்டரை நெருங்கும். எண் 30 விநாடிக்கு மேல காட்டினா அணைங்க. வேகம்தான் அதை விடப் பெரிய தின்னி. நத்தம் பறக்கும் பாலத்துல சிக்னலே கிடையாது, அங்க 50ல போற வண்டியும் 80ல போற வண்டியும் குடிக்கிறதை ஒப்பிட்டாலே தெரியும். காத்தைத் தள்ளுற விசை வேகத்தோட வர்க்கமா ஏறும், 50ல இருக்குறதை விட 80ல ரெண்டரை மடங்கு.

#20 வைகை_வடகரை

நன்றி தம்பிகளா. கடைசியா ஒண்ணு. டீசல் ரெண்டு ரூபாய் ஏறுனா காய்கறி கிலோவுக்கு அஞ்சு ரூபாய் ஏத்திடறாங்களே, அது நியாயமா?

#21 லோடு_ஷெட்

கணக்குப் போட்டுருவோம்ணே. ஒட்டன்சத்திரத்துல இருந்து பரவை மார்க்கெட்டுக்கு 100 கிலோமீட்டர்னு வைங்க. நாலு டன் ஏத்துன ஐச்சர் லாரி லிட்டருக்கு எட்டு கொடுத்தா 12.5 லிட்டர். டீசல் ரெண்டு ரூபாய் ஏறுனா 25 ரூபாய். நாலாயிரம் கிலோவுக்குப் பிரிச்சா கிலோவுக்கு அரைக்கால் பைசா.

#22 பேரேடு

ரெண்டு திருத்தம். 25 ரூபாயை 4,000 கிலோவால வகுத்தா 0.6 பைசா, அரைக்கால் இல்ல, அரைப் பைசாவுக்கு மேல. வண்டி காலியாத் திரும்புறதையும் சேக்கணும்.

#23 லோடு_ஷெட்

சரிதான், தப்பு என்னது. காலியா வர்றதுக்கு 10 லிட்டர். ஆக 22.5 லிட்டருக்கு 45 ரூபாய், கிலோவுக்கு ஒரு பைசாவை ஒட்டி வருது. தூரத்துச் சரக்கையும் பாத்துருவோம். நாசிக் வெங்காயம் 1,400 கிலோமீட்டர்னு வைங்க, 25 டன் ஏத்துன லாரி லிட்டருக்கு மூணரை கொடுத்தா 400 லிட்டர், 800 ரூபாய், கிலோவுக்கு 3 பைசா சொச்சம். காலியாத் திரும்பினாக்கூட 6 பைசாவைத் தாண்டாது. அஞ்சு ரூபாய் ஏறுனா அது வரத்துக் குறைவு, அழுகல், இல்லைன்னா இடையில நிக்குற கை. டீசல் ஏத்தத்தால உண்மையிலேயே அடிபடுறது வண்டிக்காரன்தான். வாடகையை வருசத்துக்கு ஒருக்கப் பேசி முடிச்சிருப்பான். ஏறுன ரெண்டு ரூபாய் நாசிக் போய் வர்ற ஒரு நடைக்கே ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரைக்கும் அவன் கையில இருந்து போகும்.